ஷிஃப்ட் மாறினால் உடற்பயிற்சி நின்றுவிட வேண்டுமா?

புது வருஷம் பிறந்த ஜோரில் ஒரு பாய் வாங்கியிருப்பீர்கள். கோரைப்பாய் இல்லை, கடையில் ‘யோகா மேட்’ என்று கேட்டு வாங்கிய நீல நிறப் பாய். முதல் வாரம் தினமும் விரிந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இப்போது பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. ஃபோனில் இறக்கி வைத்த உடற்பயிற்சி ‘ஆப்’ மட்டும் தினமும் சாயங்காலம் ‘இன்னிக்கு மறந்துட்டீங்களா?’ என்கிற மாதிரி மணியடிக்கிறது. எரிச்சலில் அதையும் நிறுத்திவிட்டீர்கள். சரிதானே?

இதற்காக உங்களைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணூர், தண்டலம், வளர்புரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு எத்தனையோ கம்பெனிகள். இங்கே பல வீடுகளில் கடிகாரத்தை ஓட்டுவது கம்பெனி பஸ்தான். இந்த வாரம் விடியற்காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து இரவு. ‘தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்லும் புத்தகம் இந்த வீட்டுக்கு எழுதப்பட்டதல்ல. ஆறு மணிக்கு ஒரு வாரம் அவர் லைனில் நிற்கிறார். ஒரு வாரம் தூங்குகிறார். இன்னொரு வாரம் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ‘கம்பெனியில எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்க்கிறேன். இதுக்கு மேல என்னங்க எக்ஸர்சைஸ்?’ நியாயமான கேள்வி. டென்மார்க்கில் கோபன்ஹேகன் பகுதியைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைந்திருந்தது. ஆனால் வேலையிடத்தில் மட்டும் கடுமையாக உழைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. வேலையில் அசைவு நம் விருப்பப்படி நடப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஒரே தசை, ஒரே கோணம், மணிக்கணக்காக. நடுவில் போதிய ஓய்வும் கிடையாது. உடற்பயிற்சியில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும், பிறகு உடல் தணியும்.

வீட்டிலிருக்கும் பெண்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். வீட்டு வேலை வீண் இல்லை. குனிந்து தரை துடைப்பதும், குடம் தூக்கிப் படியேறுவதும் கணக்கில் சேரும்தான். ஆனால் தொடைக்கும் தோளுக்கும் வலு சேர்க்கும் வேலை அதில் குறைவு. சமையல்கட்டில் நின்ற நேரம் வேறு, இதயம் வேகமாகத் துடித்த நேரம் வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் சுமார் 14,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டோர் போதிய அசைவில்லாதவர்கள். விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை அசைத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வு வரிசையில் 2023-ல் வந்த கணக்கு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. ஷிஃப்ட் வேலை என்றால் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் வேறு தாறுமாறாகிறது. முப்பத்தைந்து வயசில் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ‘சுகர் பார்டர்ல இருக்கு’ என்று சீட்டு வரும்போதுதான் பல வீடுகளில் அந்த நீலப் பாயின் ஞாபகம் வருகிறது.

மணியை விடுங்கள், செயலைப் பிடியுங்கள்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது இல்லையாம். சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டமில்லை என்பதும் தெரிந்தது. இந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஒரு நாள் விட்டாச்சு, இனி அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் பாயைச் சுருட்டுகிறது.

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் புதுப் பழக்கத்தை ஒரு செயலோடு சேர்த்துக் கட்டினார்கள். ‘காலை டிபனுக்குப் பிறகு’ என்கிற மாதிரி. ஷிஃப்ட் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மணி மாறும், ஆனால் எழுந்ததும் பல் தேய்ப்பது மாறுமா? குளிப்பது மாறுமா? ‘குளிக்கப் போகும் முன் பன்னிரண்டு நிமிஷம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் அது வீட்டுக்குத் திரும்பி டீ குடித்த பிறகு வரும் குளியல். மதிய ஷிஃப்டில் காலைக் குளியல். இரவு ஷிஃப்டில், பகல் தூக்கம் முடிந்து எழுந்த பிறகு வருவது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு விடியலில் வந்து இறங்கியதும் மட்டும் கடுமையாகச் செய்யாதீர்கள். அப்போது உடலுக்குத் தேவை தூக்கம். துடிப்பை ஏற்றிவிட்டுப் படுத்தால் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். கொஞ்சம் சாப்பிட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டுப் படுங்கள்.

இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். கணவர் ஹாலில் பாயை விரித்துக் கை கால் நீட்டும்போது மனைவி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உடற்பயிற்சி. அந்தம்மாவுக்கும் பன்னிரண்டு நிமிஷம் வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது, அடுப்பை யார் பார்ப்பது என்று இருவரும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். இதைப் பேசாமல் ஆரம்பித்தால் நிலைக்காது என்பது என் கருத்து.

என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான அசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஐந்தைந்து நிமிஷமாகச் சேர்த்தாலும் சரி. மிதமான அசைவு என்றால்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்.

வீட்டில் இடமில்லை என்ற கவலை வேண்டாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்குப் பெரிய குடியிருப்பு திறந்தார்கள். அப்படி ஒரு விடுதி அறையில் உங்கள் மகள் இருந்தாலும், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடம் இதற்குப் போதும்.

முதல் இரண்டு நிமிஷம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடை. பிறகு நம்ம பிள்ளையார் கோயில் தோப்புக்கரணம், பத்து. முட்டி வலி இருந்தால் தோப்புக்கரணத்தை விட்டுவிட்டு, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். தொடைக்கு வேலை கிடைக்கும், முட்டிக்குச் சுமை குறையும். அடுத்து தண்டால். தரையில் முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றி எடுக்கலாம். அது சுலபமானதும் சமையல் மேடையில், அப்புறம் தரையில் என்று இறங்கி வரலாம். பிறகு சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, பதினைந்து. நாள் முழுக்க நிற்பவர்களின் கெண்டைக்காலுக்கு இது நல்லது. இந்த வரிசையை இரண்டு தடவை செய்தால் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிடும். எதிலும் மூச்சை அடக்காதீர்கள். மீதி நிமிஷங்களுக்கு நடை இருக்கவே இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதும் நடைதான், கொஞ்சம் வேகமாக வந்தால்!

நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இதய நோய், அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். பக்கத்தில் சர்க்கரையோ குளூக்கோஸோ இருக்கட்டும்.

ஃபோனில் எதைக் குறிப்பது?

தூரத்திலிருந்து பயிற்சி சொல்லித் தருவது இன்று வந்ததல்ல. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்திய கே.வி. அய்யர் அந்தக் காலத்திலேயே தபாலில் உடற்பயிற்சிப் பாடம் அனுப்பினார். இப்போது தபால்காரர் வேலையை ஃபோன் செய்கிறது. 2021 ஆகஸ்ட் 29 அன்று மத்திய அரசும் ‘ஃபிட் இந்தியா’ என்று ஒரு ஆப்பை வெளியிட்டது.

கேள்வி, அதில் வரும் எண்ணை எவ்வளவு நம்புவது என்பதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். நாடித்துடிப்பை ஆறு கருவிகள் ஓரளவு சரியாகச் சொல்லின. எரிந்த கலோரியை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. அவற்றில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்! ஆகவே ‘முந்நூறு கலோரி எரிச்சாச்சு’ என்று வாட்ச் சொன்னதை நம்பி இரண்டு வடை அதிகம் சாப்பிட்டால், நஷ்டம் வாட்ச் கம்பெனிக்கு இல்லை.

பத்தாயிரம் அடி கதையும் அப்படித்தான். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி நடையை எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு இல்லை, விற்பனைக்கு வைத்த பெயர். சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு ஆபத்து நன்றாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை. வயதானவர்களின் கணக்கு அது. இளையவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலுள்ள அம்மாவைப் பத்தாயிரம் என்று பயமுறுத்தவும் வேண்டாம்.

நம் ஊருக்கு இன்னொரு கோளாறு உண்டு. ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகிறவருக்கு அந்த எட்டு மணி நேர நடை கணக்கிலேயே வராது. வாட்ச் கட்டியவருக்கோ, லைனில் கையை ஆட்டி ஆட்டிச் செய்யும் வேலையும் அடியாக ஏறிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். உங்கள் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள், அதுவும் ஒரே ஷிஃப்ட் வாரத்தோடு அதே ஷிஃப்ட் வாரத்தை. இரவு ஷிஃப்ட் வாரம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

நான் சொல்வது நான்கே குறிப்பு. இந்த வாரம் எத்தனை நாள் செய்தீர்கள், இது தினமும் ஒரு டிக். முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை கையூன்றாமல் எழுந்தீர்கள், இது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்கும் முன் நாடித்துடிப்பு, வாரம் ஒரு முறை. மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், டெய்லர் டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதற்கு மேல் போனால் கவனம் தேவை. எடையைத் தினமும் பார்க்காதீர்கள். முந்தின நாள் ஊறுகாயும் தண்ணீரும் ஒரு கிலோ வரை ஆட்டம் காட்டும்.

நாற்காலிக் கணக்குக்கு முதலிடம் கொடுக்கச் சொல்வேன். எடை அசையாத மாதத்திலும் அது பன்னிரண்டிலிருந்து பதினைந்தாகும். ‘அட, ஏறுதே!’ என்ற அந்தச் சந்தோஷம்தான் மூன்றாவது வாரத்தைத் தாண்ட வைக்கிறது. கருவி மட்டும் அதைச் செய்துவிடாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளைஞர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் உணவு, பயிற்சி ஆலோசனை தந்தார்கள். அதோடு கருவியும் கட்டிக்கொண்டவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள். கருவியில்லாமல் தாங்களே குறித்து வந்தவர்களோ 5.9 கிலோ குறைந்தார்கள்! வாட்ச் வாங்கவில்லையே என்று ஏங்காதீர்கள். மாதக் காலண்டரில் பென்சில் டிக் போதும். அதையே ஃபோட்டோ எடுத்து, வெளியூரிலிருக்கும் அக்காவுக்கோ தம்பிக்கோ ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதிலுக்கு அவர்களுடையது வரட்டும். இருபது பேர் குரூப் வேண்டாம். இரண்டு மூன்று பேர் என்றால்தான் ஒருவர் விட்டது இன்னொருவருக்குத் தெரியும்.

ஆப்பில் குறிப்பவர்கள் ஒரு காரியம் செய்துவிடுங்கள். நடந்த பாதையை எல்லோருக்கும் காட்டும் வசதியை மூடுங்கள். ‘ஸ்ட்ராவா’ என்ற ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகளே தெரிந்துபோனது 2018 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தியானது. விடியலில் தனியாக நடக்கும் பெண் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு வருவார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாமே.

இதையெல்லாம் செய்தும் காய்ச்சல், கல்யாணம், ஓவர்டைம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால்? விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பத்துத் தோப்புக்கரணம் போட்டிருந்தால் ஐந்து போடுங்கள். காய்ச்சலுக்குப் பிறகு என்றால் முதல் மூன்று நாள் நடை மட்டும். நான்காம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முப்பது வினாடி எண்ணிப் பாருங்கள். பதினைந்து என்று குறித்திருந்தது பதின்மூன்றாகத்தான் இருக்கும். காலண்டரில் அந்தப் பதின்மூன்றை எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள்.