நூற்றில் ஒரு நொடி

நுழையும்முன்

கண் இமைப்பதற்கு ஆகும் நேரத்தை ஒரு நொடியின் பத்தில் சில பங்கு என்பர். அதனினும் பன்மடங்கு குறுகிய நேரம், இந்தியப் பெண் ஒருவரையும் ஒலிம்பிக் பதக்கத்தையும் பிரித்தது. அந்த ஓட்டத்தையும் அதனை ஓடியவரின் வாழ்வையும் இப்பாடம் விளக்குகிறது.

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் 1964ஆம் ஆண்டு பிறந்தவர் பி. டி. உஷா. வறுமையும் நோயும் சூழ்ந்த இளமை அவருடையது. நான்காம் வகுப்பில் பயின்றபோது, ஏழாம் வகுப்பு மாணவியும் பள்ளியின் ஓட்ட வீராங்கனையுமான ஒருவரைப் போட்டியில் முந்தினார். கேரள அரசு 1976ஆம் ஆண்டு கண்ணூரில் பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது, மாதம் 250 ரூபாய் உதவித்தொகையுடன் அதில் சேர்ந்தார். விமானப்படையில் பணியாற்றிய ஓ. எம். நம்பியார் அங்கே அவருக்குப் பயிற்சியாளராக அமைந்தார். பய்யோளிக் கடற்கரையின் மணற்பரப்பும் அவருக்குப் பயிற்சிக் களமாயிற்று.

பதினாறாம் வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடிய உஷா, முதற்சுற்றிலேயே வெளியேறினார். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார். குறுந்தொலைவு ஓட்டக்காரராக அறியப்பட்ட அவரை, 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்திற்கு நம்பியார் ஆயத்தப்படுத்தினார். பெண்களுக்கான இப்போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1984இல்தான்.

இவ்வோட்டம் விரைவை மட்டும் நம்பியதன்று. 76.2 சென்டிமீட்டர் உயரமுள்ள பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும். முதல் தடை 45 மீட்டரில் நிற்கும். அடுத்தடுத்த தடைகளுக்கு இடையே 35 மீட்டர் இருக்கும். அந்த இடைவெளியில் எத்தனை அடி வைப்பது என்பதை ஓடுபவர் முன்னரே வகுத்துக்கொள்வார். களைப்பில் ஓரடி குறுகினாலும் தடையின்முன் காலை மாற்றி வைக்க நேரும், வேகம் தடுமாறும். பிறர் ஆண்டுக்கணக்கில் பழகிய இக்கலையை உஷா குறுகிய காலத்தில் கற்றார். அவரது தோல்வியைப் பேசுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அரையிறுதியை 55.54 நொடியில் முதலாவதாக முடித்தார் உஷா. ஆகஸ்ட் 8ஆம் நாள் இறுதிப்போட்டி. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கல் 54.61 நொடியில் தங்கம் வென்றார். அமெரிக்காவின் ஜூடி பிரௌன் வெள்ளி பெற்றார். மூன்றாம் இடத்திற்கு உஷாவும் ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாருவும் ஏறத்தாழ ஒருசேர எல்லைக்கோட்டை எட்டினர். வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாத நிலையில் ஒளிப்படமே முடிவு கூறியது. கோஜோகாரு 55.41, உஷா 55.42.

இந்த இடைவெளியை நீளமாக மாற்றிப் பார்த்தால் அதன் நுண்மை புலப்படும். 400 மீட்டரை 55.42 நொடியில் கடப்பவர், ஒரு நொடிக்குச் சராசரியாக 7.2 மீட்டர் செல்கிறார். நூற்றில் ஒரு நொடியில் அவர் கடப்பது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்; அஃது ஆள்காட்டி விரலின் நீளமே ஆகும். ஓட்டத்தின் முடிவைத் தலையோ கையோ காலோ தீர்மானிப்பதில்லை. உடற்பகுதி கோட்டை எட்டும் கணமே கணக்கிடப்படும். இறுதி அடியில் மார்பை முன்தள்ளிப் பாய்வதைத் தேர்ந்த வீரர்கள் பழகிக்கொள்வது இதனால்தான். அந்நாட்களில் ஒலிம்பிக் சிற்றூரின் உணவு பழக்கமற்றதாக இருக்க, கஞ்சியும் ஊறுகாயும் உண்டதாக உஷா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அந்த ஏழு சென்டிமீட்டர் எங்கே கைநழுவியது, கோட்டருகிலா, அடுக்களையிலா என்று யாரால் கூற இயலும்?

மறு ஆண்டே உஷா அதற்கு விடை தந்தார். 1985இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள், 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டம், 4×400 மீட்டர் தொடரோட்டம் ஆகிய ஐந்திலும் தங்கம் வென்றார். மற்றொரு தொடரோட்டத்தில் வெண்கலமும் பெற்றார். 100 மீட்டருக்கு வெடித்தெழும் விசை வேண்டும். 400 மீட்டருக்கு வலியைத் தாங்கும் வலிமை வேண்டும். இரண்டும் ஒருவரிடம் அமைவது அரிது. ஒலிம்பிக் நான்காம் இடத்தைக் காட்டிலும் ஜகார்த்தாவே அவரது உண்மையான அளவுகோல் எனலாம். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா வென்ற தங்கங்கள் மொத்தம் ஐந்து. அவற்றுள் மூன்று உஷா தனித்து வென்றவை, ஒன்று அவர் இடம்பெற்ற தொடரோட்டக் குழு வென்றது.

பின்னர்க் காயங்கள், ஓய்வு, திருமணம், மீண்டும் களம் எனக் காலம் நகர்ந்தது. 1998இல் தாயான பின்னரும் ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கங்கள் வென்றார். 2002இல் தம் பெயரில் தடகளப் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற டின்டு லூக்கா 2015இல் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசியத் தங்கம் வென்றார். 2022இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவராக உஷா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் ஓடிய 55.42 நொடி, இந்தியச் சாதனையாக 39 ஆண்டுகள் எவராலும் எட்டப்படாமல் நின்றது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச்சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே தொலைவை, அதே பத்துத் தடைகளைத் தாண்டி ஓடி முடித்தார். மின்பலகையில் ஒளிர்ந்த நேரம் 55.42.