கடலடி வெந்நீர் ஊற்று

கடலுக்கு அடியிலும் எரிமலைகள் உண்டு. அங்கே தரையில் வெடிப்புகள் இருக்கும். கடல்நீர் அவற்றில் இறங்கும். பூமிச் சூட்டில் காயும். பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், இரும்பைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடும். குளிர்ந்த நீர் பட்டதும் உலோகங்கள் படியும். படிந்து படிந்து புகைபோக்கிபோல உயரும்.

இத்தகைய ஊற்றை 1977-இல் பசிபிக் பெருங்கடலில் முதலில் கண்டார்கள். இந்தியப் பெருங்கடலிலும் இவை உண்டு. அங்கே உலோகம் தேட இந்தியா 2016-இல் ஒப்பந்தம் செய்தது. தேடத்தான் ஒப்பந்தம், தோண்ட அல்ல.

அக்கடலின் சில ஊற்றுகளில் மட்டும் ஒரு நத்தை வாழ்கிறது. அதன் காலில் செதில்கள் உண்டு. செதில்களில் இரும்பு படிவதும் உண்டு. தோண்டினால் அது அழியலாம். ஆகவே 2019-இல் அதை ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

மின்கம்பிக்குச் செம்பு வேண்டும். நத்தைக்கோ வேறு வீடு இல்லை.

கூடிப் பேசுவோம்: கடலடியைத் தோண்டலாமா?