களத்தில் ஓர் அரண்

நுழையும்முன்

மதிலை முற்றுகையிடுவோர் உழிஞை சூடினர். உள்ளிருந்து காப்போர் நொச்சி சூடினர். தாக்குதலுக்கு ஒரு திணை வகுத்த தமிழர், காத்தலுக்கும் ஒரு திணை வகுத்தனர். இன்றைய விளையாட்டுக் களத்திலோ கோல் அடித்தவரின் பெயரே நாவில் நிற்கிறது. அடிக்கவிடாமல் தடுத்தவரின் பெயர் விரைவில் மறைந்துவிடுகிறது. தடுப்பாட்டத்தின் மதிப்பை உணர்ந்து, இந்தியக் கால்பந்தை உயர்த்திய பயிற்றுநர் சையது அப்துல் ரகீம். அவருடைய பணி வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

ஆசிரியராகத் தொடங்கிய வாழ்வு

ஐதராபாத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்த ரகீம், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அதனால் அவரை எல்லாரும் ‘ரகீம் சாகிப்’ என்று மதிப்புடன் அழைத்தனர். 1943இல் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். 1950இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

குறைகளை வகுப்பறையில் திருத்துவது போலவே களத்திலும் அவர் திருத்தினார். வலக்காலையே நம்பி ஆடுவோர்க்கு இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்கும் போட்டிகளை நடத்தினார். பந்தைத் தம்மிடமே வைத்திருக்க விரும்புவோர்க்குப் பந்தைக் கடத்திச் செல்லாமல் உடனே பிறர்க்கு அனுப்பும் போட்டிகளை வகுத்தார். கால்பந்து பதினொருவர் கூடி ஆடும் ஆட்டம் என்பதே அவர் கற்பித்த முதற்பாடம்.

தோல்வி தந்த பாடம்

1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரகீமின் அணி ஈரானை 1-0 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 1-10 என்னும் கணக்கில் வீழ்ந்தது. அக்காலத்தில் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின்னர்க் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

காலணி மட்டும் கோட்டையைக் காத்துவிடாது என்பதை ரகீம் அறிந்திருந்தார். பழைய ஆட்டமுறையில் பின்களத்தில் இருவரும் நடுக்களத்தில் மூவரும் முன்களத்தில் ஐவரும் நிற்பர். எதிரணியின் முன்கள வீரர்கள் விரைந்து இடம்மாறி வந்தால், பின்னிற்கும் இருவரால் அவர்களைத் தடுக்க இயலாது. எனவே, அங்கேரி அணியின் ஆட்டமுறையைக் கூர்ந்து கற்று, தம் அணியை அவர் மாற்றியமைத்தார். பின்னர் நான்கு-இரண்டு-நான்கு என்னும் முறையையும் கையாண்டார். அதன்படி பின்களத்தில் நால்வர் அரணாக நிற்பர். நடுக்களத்தில் இருவர் காவலுக்கும் தாக்குதலுக்கும் பாலமாவர். நால்வர் முன்னின்று தாக்குவர்.

இம்மாற்றங்களின் பயனை உலகம் கண்டது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்கு முன்னேறி, நான்காம் இடம் பெற்றது. 1960 உரோம் ஒலிம்பிக்கில் வலிமைமிக்க பிரான்சு அணியுடன் 1-1 என ஆட்டத்தைச் சமன் செய்தது.

ஜகார்த்தாவில் ஒரு சோதனை

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது ரகீம் புற்றுநோயால் நலிவுற்றிருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் வெற்றி கிடைத்தது. எனினும், தடுப்பாட்டத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட நேர்ந்தது.

தடுப்பாட்டக்காரர் உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் தடுத்தாக வேண்டும். தலையில் தையலுடன் அவரைப் பின்களத்தில் நிறுத்துவது அரணில் விரிசலை விடுவதற்கு ஒப்பாகும். அவரை விலக்கினாலோ அணியின் உறுதி குலையும். ரகீம் மூன்றாம் வழியொன்றைக் கண்டார். ஜர்னைல் சிங்கை முன்களத்திற்கு அனுப்பி, அவர் நின்ற இடத்தை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் நடைபெற்ற இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரணி. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய விளையாட்டு நிருவாகி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார், அதனால் சினங்கொண்ட கூட்டம் இந்திய அணிக்கு எதிராக ஆர்ப்பரித்தது. அவ்விரைச்சலுக்கு நடுவே பி. கே. பானர்ஜி முதல் கோலையும் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலையும் அடித்தனர். கோல் எல்லையைத் தமிழரான பீட்டர் தங்கராஜ் காத்து நின்றார். தென்கொரியாவால் இறுதி நேரத்தில் ஒரு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது. இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டு, 1963 சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன்பின் இந்தியா தங்கம் வென்றதில்லை.

அரணும் அதனுள் நிற்போரும்

பொருட்பாலில் ‘அரண்’ என்றே ஓர் அதிகாரம் அமைத்த வள்ளுவர், எத்துணைச் சிறந்த அரணாயினும் உள்ளிருப்போரிடம் வினைத்திறம் இல்லையேல் பயனில்லை என்று அதனை முடிக்கிறார். ரகீமின் பணியும் அதற்குச் சான்றாகும். அவர் வகுத்த ஆட்டமுறை அரண் என்றால், தன்னிடத்தை விட்டுக்கொடுத்துப் புதிய பொறுப்பை ஏற்ற ஜர்னைல் சிங்கும், அவ்விடத்தை நிரப்பிய அருண் கோஷும் அதனுள் நின்ற வீரர்கள்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலோ வேறெந்த ஊரிலோ, மாலைப்பொழுதில் திடலில் பந்தாடும் மாணவர் பலரும் முன்களத்தில் நிற்கவே விழைவர். பின்னே நிற்கச் சொன்னால் முகம் சுளிப்பர். ஆயினும், பின்னிற்பவர் மேலுள்ள நம்பிக்கையால்தான் முன்னிற்பவர் அஞ்சாது முன்னேறுகிறார். வீட்டிலும் நாட்டிலும் இதுவே உண்மை.

தெரிந்து தெளிவோம்

பீட்டர் தங்கராஜ் 1935இல் ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராசு படைப்பிரிவு மைய அணிக்காக ஆடினார். அவ்வணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்டு கோப்பையை வென்றது. தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடிய அவர், பின்னரே கோல் காப்பாளரானார். 1967இல் அருச்சுனா விருது பெற்றார்.

சிந்தனை வினா

நொச்சித் திணை வீரரின் கடமையையும் கால்பந்துத் தடுப்பாட்டக்காரரின் கடமையையும் ஒப்பிட்டு எழுதுக.