பின்னங்கால் செயலிழந்த நாயும் சக்கர வண்டியும்

சென்னையிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலும், சித்தூர் நகரைச் சுற்றியுள்ள சாலைகளிலும் போக்குவரத்து இரவும் பகலும் ஓய்வதில்லை. வாகனத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலற்று, முன்னங்கால்களால் உடலை இழுத்துச் செல்லும் நாயைக் காண்பது இத்தகைய சாலையோர ஊர்களில் அரிதன்று. அந்நாயைக் கண்ணுறும் மக்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். இனிப் பிழைக்காது என்று கைவிடுவர். அல்லது இரக்கத்தால் உந்தப்பட்டு உடனே ஒரு சக்கர வண்டியைச் செய்து பூட்டுவர். இவ்விரண்டும் ஆராயாமல் செய்யப்படுவன. எந்த நாய் மீண்டும் நடக்கக் கூடும், எதற்கு வண்டி வாழ்நாள் துணையாகும், எதனைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும் என்பவற்றை முதலில் பிரித்தறிதல் வேண்டும். அதற்குரிய முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

காரணங்களைப் பிரித்தறிதல்

பின்னங்கால் செயலிழப்பு என்பது ஓர் அறிகுறியே, நோயன்று. சாலை விபத்தில் முள்ளெலும்பு முறிதல் அல்லது இடம் பெயர்தல், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துதல், டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய், கட்டிகள் ஆகியவை இதன் காரணங்களிற் சில. தட்டுப் பிதுங்கல் டாக்ஸ்ஹுண்ட் போன்ற குட்டைக் கால் இனங்களில் மிகுதி. நாட்டு நாய்களில் விபத்தே முதலில் நினைக்கத்தக்கது.

இவற்றுள் களப் பணியாளர் ஒருபோதும் மறத்தலாகாத காரணம் வெறிநோய். வெறிநோய் என்றவுடன் பாய்ந்து கடிக்கும் நாயே நினைவிற்கு வருகிறது. ஆயின் அந்நோய்க்கு அமைதி வடிவமும் உண்டு. அதில் நாய் சோர்ந்து ஒதுங்கும், தாடை தொங்கும், உமிழ்நீர் வடியும், கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி அதன் வாயில் கைவிட்டோர் உயிருக்கே இடர் தேடிக்கொள்கின்றனர். எனவே, அடிபட்டதை எவரும் காணாத நிலையில், உடலில் காயமும் இல்லாத நிலையில், தடுப்பூசி வரலாறு தெரியாத நாய் செயலிழந்து கிடப்பின், அதனைக் கையாளாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தலே முறை. கடியோ கீறலோ பட்டால், அல்லது புண்ணில் உமிழ்நீர் பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். இந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் மனிதரைக் காக்கத்தக்க உறுதியான மருந்து இல்லை.

விபத்தில் அடிபட்ட நாயைத் தூக்கும் முறையும் முக்கியம். வலியால் எந்த நாயும் கடிக்கும்; ஆதலின் மூச்சுக்கு இடையூறின்றித் துணி நாடாவால் வாயைக் கட்டுதல் நன்று. பின்னர் ஒரு பலகையை உடலின் பக்கத்தில் வைத்து, முதுகு வளையாமல் நாயை அதன்மேல் நகர்த்தி, தோளிலும் இடுப்பிலும் துணியால் பிணைத்துக் கொண்டு செல்ல வேண்டும். கைகளில் தொங்கவிட்டுத் தூக்கினால் முறிந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் நசுக்கும்.

புத்தூருக்கு அருகேயுள்ள ஈசுவராபுரத்தின் எலும்புக் கட்டு தென்னாடெங்கும் பெயர் பெற்றது. அதனால் நாயின் முதுகிற்கும் ஒரு கட்டுப் போட்டால் போதுமெனச் சிலர் கருதக்கூடும். கை கால் எலும்பு அசையாமலிருந்தால் தானே கூடும். ஆனால் இங்கே கேடுற்றது எலும்பு மட்டுமன்று. அதனுள் செல்லும் நரம்புத் திசுவுமாகும். அது எலும்பைப்போல் கூடுவதில்லை. ஆகையால் கதிர்ப்படமும் நரம்புச் சோதனையும் இன்றியமையாதன. 1955 முதல் திருப்பதியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, 2005-இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்று விளங்குகிறது. இப்பகுதியினர் நாடுதற்குரிய இடங்களுள் அது ஒன்று.

கால் அசைவதும் உணர்வதும்

நாயின் முதுகெலும்பில் கழுத்தில் ஏழும், மார்பில் பதின்மூன்றும், இடுப்பில் ஏழும், திரிகத்தில் மூன்றுமாக முள்ளெலும்புகள் உள்ளன, வாலெலும்புகள் வேறு. இவற்றின் நடுவே தண்டுவடம் செல்கிறது. மூளையின் கட்டளை இதன் வழியே கீழிறங்குகிறது. காலின் உணர்ச்சி இதன் வழியே மேலேறுகிறது. பின்னங்கால்களை இயக்கும் நரம்பணுக்கள் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் தங்கியுள்ளன.

மார்பின் பிற்பகுதியில் தண்டுவடம் அறுபட்ட ஒரு நாயைக் கொள்வோம். அதன் பின்விரலைக் கிள்ளினால் கால் சட்டென மடங்கும். அருகிலிருப்போர், "உணர்வு இருக்கிறது" என மகிழ்வர். இது பிழை. விரலிலிருந்து சென்ற செய்தி இடுப்புத் தண்டுவடத்தை அடைந்து, அங்கேயே திரும்பித் தசையை இயக்கியது. மூளை இதனை அறியவே இல்லை. இதுவே அனிச்சைச் செயல். காயத்திற்குக் கீழுள்ள தண்டுவடம் கெடாதிருப்பதை மட்டுமே அது காட்டும்.

ஆகவே சோதிப்பவர் காலைப் பார்த்தல் போதாது. தலையைப் பார்த்தல் வேண்டும். விரலெலும்பை இடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, குரல் எழுப்புகிறதா, கடிக்க முயல்கிறதா, கண்மணி விரிகிறதா என்பனவே சான்றுகள். இவற்றுள் ஒன்றேனும் தோன்றினால் ஆழ்ந்த வலியுணர்வு எஞ்சியுள்ளது. தண்டுவடத்தின் ஒரு பகுதியாவது மூளையோடு தொடர்பு கொண்டிருக்கிறது எனலாம். இச்சோதனையை மருத்துவரே செய்தல் வேண்டும். வருவோர் போவோரெல்லாம் கிள்ளிப் பார்ப்பது துன்புறுத்தலேயன்றி ஆய்வன்று.

நாயின் எதிர்காலத்தைப் பெரிதும் இவ்வொரு சோதனையே கூறுகிறது. தட்டுப் பிதுங்கலால் கால் செயலிழந்தும் வலியுணர்வு எஞ்சிய நாய்களில் மிகப் பெரும்பான்மையானவை அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடக்கின்றன. அவ்வுணர்வும் அற்ற நாய்களில் அறுவைச் சிகிச்சை பெற்றும் ஏறத்தாழப் பாதியே நடை பெறுகின்றன. முள்ளெலும்பு முறிந்து விலகி, வலியுணர்வும் அற்ற நாய்களில் இயல்பான நடை திரும்புதல் மிக அரிது.

முதல் வாரங்களின் பராமரிப்பு

செயலிழந்த நாய்களிற் பல, காயத்தினால் அன்றிக் கவனிப்பின்மையாலேயே இறக்கின்றன. முதலாவது சிறுநீர். சிறுநீர்ப் பை தானே சுருங்காத நாய்க்கு அது நிரம்பி வழிந்து சொட்டும். அதைக் கண்டு நாய் சிறுநீர் கழிக்கிறதென எண்ணலாகாது. தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு முறை வயிற்றின் இருபுறமும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பையை வெறுமையாக்க வேண்டும். இதனை மருத்துவரிடம் நேரில் பழகிக்கொள்ளல் நலம். சிறுநீர் கலங்கினாலும், நாறினாலும், குருதி கலந்தாலும் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

இரண்டாவது தோல். இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவை தரையில் அழுந்தும் இடங்களில் படுக்கைப் புண் உண்டாகும். கனத்த மெத்தை விரித்து, சில மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, உடலை உலர்வாக வைத்தல் வேண்டும். ஈரப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பது வெப்ப நாடுகளில் ஒரு நாளில் நிகழ்ந்துவிடும்.

மூன்றாவது ஓய்வு. தட்டுப் பிதுங்கலுக்கு அறுவையின்றிச் சிகிச்சை பெறும் நாயைச் சிறு கூண்டில் ஏறத்தாழ நான்கு வாரம் அசையாமல் வைப்பது வழக்கம். முறிந்த முள்ளெலும்பு நிலைபெறும் வரையில் வண்டி பூட்டுதல் கூடாது. இரக்கத்தால் செய்யும் அவசரம் இங்கே பெருங்கேடாகும்.

பயிற்சி

முதுகு நிலைபெற்றதென மருத்துவர் கூறியபின் பயிற்சி தொடங்கலாம். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு மூட்டையும் வலியில்லா எல்லைவரை மெல்ல மடக்கி நீட்டுதல் முதற்படி. இது மூட்டு இறுகாமல் காக்கும், தசையை வளர்க்காது. இரண்டாம் படி, வயிற்றின் கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி, நான்கு பாதங்களும் தரையில் படியுமாறு சில நிமிடம் நிற்கச் செய்தல். வழவழப்பான தரையை விடுத்துச் சாக்கு அல்லது மண் தரையில் நிறுத்த வேண்டும்.

மூன்றாம் படி நீர்ப் பயிற்சி. நீர் தொடையெலும்பின் மேற்புடைப்பு வரை நிற்கும்போது நாயின் கால்கள் தாங்கும் எடை இயல்பான எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடாகக் குறைகிறது. முழங்கால் மட்டத்தில் அது 85 விழுக்காடாகவே உள்ளது. எனவே ஆழமற்ற நீரால் பயன் குறைவு. நகர மருத்துவமனைகளிலுள்ள நீரடி நடைப்பொறி கிட்டாத இடத்தில், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய சிமெண்டுத் தொட்டியில், ஒருவர் கையால் தாங்க நாயை நிறுத்தலாம். புண்ணோ சிறுநீர்ப் பைக் கிருமியோ உள்ள நாயை நீரில் இறக்கலாகாது. ஒரு நொடியும் தனியே விடலாகாது.

வண்டி அமைத்தல்

நாய்க்குச் சக்கர வண்டி புதியதன்று. அமெரிக்காவில் லிங்கன் பார்க்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் 1960-களிலேயே இத்தகைய வண்டிகளைச் செய்யலானார். கருத்து எளியது: பின்னுடலை ஒரு சட்டம் தாங்க, இரு சக்கரங்கள் உருள, முன்னங்கால்கள் இழுக்கின்றன. பிளம்பர்கள் பயன்படுத்தும் பி.வி.சி. குழாய், குழந்தைகளின் மிதிவண்டிச் சக்கரம், பழைய பள்ளிப் பையின் பட்டை, பஞ்சு பொதிந்த துணி ஆகியவை கொண்டே இதனைச் செய்யலாம்.

எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று: நாய் இயல்பாக நிற்கும் நிலையில் தரையிலிருந்து கவட்டை வரை உயரம், இடுப்பின் மிகுந்த அகலம், தோளிலிருந்து வாலடி வரை நீளம். முதுகு தரைக்கு இணையாக இருத்தல் வேண்டும். அச்சு மிகப் பின்னே தள்ளியிருப்பின் முன்னங்கால்கள் சுமையால் களைக்கும். மிக முன்னே வந்தால் வண்டி பின்புறம் சாயும். பட்டை உராயும் இடங்களை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். ஆண் நாயின் குறியைச் சட்டமோ துணியோ அழுத்தலாகாது.

இனி முதன்மையான செய்தி. பின்பாதங்களை எந்த உயரத்தில் வைப்பது என்பதனை மேற்கூறிய சோதனையே முடிவு செய்கிறது. உணர்வும் சிறிதளவு அசைவும் எஞ்சிய நாய்க்குப் பாதங்கள் தரையைத் தொட்டு மிதிக்குமாறு விடவேண்டும். அப்போது வண்டி ஒரு நடைப்பள்ளியாகிறது. முற்றிலும் தளர்ந்து உணர்வற்ற கால்களைப் பட்டையிலிட்டு உயர்த்திவிட வேண்டும். இல்லையேல் வலி தெரியாமலே தோல் தேய்ந்து எலும்பு வெளிப்படும். நடக்கக் கூடிய நாயின் காலை உயர்த்திக் கட்டினால் அதன் தசை வீணே கரையும்.

தொடக்கத்தில் ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளில் இரண்டு மூன்று வேளை போதும். வண்டியில் இருக்கையில் நாய் படுக்க இயலாது. ஆதலின் உறங்கும் வேளையிலும், ஆளில்லா வேளையிலும் கழற்றிவிட வேண்டும்.

எதிர்பார்க்கத்தக்கது

தண்டுவடத்திற்குத் தானே நடை பழகும் ஆற்றல் சிறிது உண்டு. பூனைகளின் தண்டுவடம் மூளையின் ஆணையின்றியே கால்களை மாறி மாறி இயக்கவல்லது என்பதனை கிரகாம் பிரவுன் 1911-இல் காட்டினார். இவ்வாற்றலே இன்று பயன்படுகிறது. வலியுணர்வை இழந்த 81 நாய்களுக்குத் தீவிரப் பயிற்சி அளித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 48 நாய்கள் தடுமாறியேனும் தாமே நடந்தன. எடை குறைந்தவையும், இளையவையும், விரைவில் பயிற்சி தொடங்கியவையும் மிகுதியாகப் பயன் பெற்றன. எனினும் இந்நடை மூளை அறியாத நடை.

கேம்பிரிட்ஜில் 34 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான ஆய்வும் இதனையே வேறு வகையில் காட்டிற்று. 23 நாய்களின் தண்டுவடத்தில் அவற்றின் மூக்கிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்கள் செலுத்தப்பெற்றன. முன்கால், பின்கால் இயக்கம் அவற்றில் ஒருங்கிசைந்தது. ஆயினும் மூளையோடு நெடுந்தொடர்பு மீண்டதாகத் தெளியவில்லை. ஆதலின் இயல்பு நிலை முழுதும் திரும்புமென உரிமையாளருக்கு வாக்களித்தல் முறையன்று.

பராமரிக்க எவருமில்லாத தெரு நாய்க்கு வண்டி மட்டும் அளித்து விடுவது கொடுமை. சிறுநீரை நாள்தோறும் வெளியேற்றவும், பட்டையைக் கழற்றவும் ஒரு கை வேண்டும். அத்தகைய பொறுப்பாளர் கிடைத்த பின்னரே வண்டி. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்களுக்கு

அனிச்சைச் செயலைக் கற்பிக்க நாய் தேவையில்லை. மாணவன் ஒருவனை உயர்ந்த இருக்கையில் கால் தொங்க அமர்த்தி, முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணை மெல்லத் தட்டுக. கால் உதறும். "உதறும்படி நீ கட்டளையிட்டாயா?" என்று கேட்க, இல்லை என்பான். "தட்டியதை அறிந்தாயா?" என்று கேட்க, ஆம் என்பான். முதல் விடை தண்டுவடத்தின் வேலையையும், இரண்டாம் விடை மூளையின் வேலையையும் உணர்த்தும். தண்டுவடம் அறுபட்ட நாய்க்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. இவ்வேறுபாட்டை அறிந்த மாணவன், ஊரில் அடிபட்டுக் கிடக்கும் நாயைக் கல்லால் எறியவும் மாட்டான். கிள்ளிப் பார்க்கவும் மாட்டான். பெரியவரை அழைத்து ஒரு பலகை தேடச் சொல்வான்.