தீபாவளி திடீரென்று வருவதில்லை

கேள்வி: நானும் என் கணவரும் சேர்ந்து மாதம் 46,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். இருபதாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வருமானத்தில் நூற்றுக்கு எவ்வளவு சேமிக்க வேண்டும்?
— ஓர் ஆசிரியை, திருச்சி

பதில்: வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டுகிறவர்களும், சொந்த வீட்டில் இருவராய் வசிக்கிறவர்களும் ஒரே விகிதத்தில் சேமிக்க வேண்டுமென்று விதிப்பது, வீட்டிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் ரவிக்கை தைப்பது போன்ற காரியமாகையால், அப்படிப்பட்ட கணக்கு எதையும் நான் சொல்வதற்கில்லை. சிறுசேமிப்பு முகவராக முப்பது வருஷகாலம் வீடு வீடாய்ப் படியேறி அஞ்சலக ஆர்.டி. கணக்குகளுக்குப் பணம் வாங்கியவள் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன். ஐந்தாம் தேதிக்குள் நான் போய் நின்ற வீடுகளில் கணக்கு அறுபது மாதமும் முறியாமல் ஓடி முதிர்ந்தது. "இருபத்தைந்துக்கு மேல் வாருங்கள், மிச்சம் பார்த்துத் தருகிறேன்" என்று அன்போடு காபி கொடுத்து அனுப்பிய வீடுகளிலோ, அட்டையில் கையெழுத்து விழுந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சம்பளம் வந்த மறுநாள் ஆயிரம் ரூபாயில் தொடங்குங்கள். 2023 அக்டோபரில் நிர்ணயித்த 6.7 சதவீத வட்டியின்படி, ஐந்து வருஷத்தில் நீங்கள் போட்ட 60,000 ரூபாய் 71,000 ரூபாய்க்குச் சற்று மேலாகத் திரும்பி வரும்.

கேள்வி: ஆர்.டி.யில் இரண்டு தவணை தவறிவிட்டது. கணக்கை முடித்துவிடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: எதற்கு? நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நாளைக்கே போய்க் கட்டுங்கள்.

கேள்வி: நகைக்கடைச் சீட்டில் பதினோரு மாதம் நாம் கட்டினால் பன்னிரண்டாவது மாதத் தவணையைக் கடையே போடுகிறது. இதைவிட நல்ல சேமிப்பு உண்டா?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: இது சேமிப்பு என்று உங்களுக்குச் சொன்னவர் நகை விற்கிறவர். சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று 2014 ஆம் ஆண்டு நிறுவன விதிகள் சொல்வதால்தான், கடைக்காரர்கள் பதினோரு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் மீதுள்ள கருணையினால் அன்று. வங்கி மூழ்கினால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. கடை மூழ்கினால் அதுவும் கிடையாது. மகளுக்கு நகை அவசியம் வாங்கத்தான் வேண்டுமென்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. என்று வாங்கும்போது கொடுத்தது எதுவும் விற்கும்போது திரும்பி வராது என்பதை அறிந்துகொண்டு, நோட்டில் அதைச் செலவுப் பத்தியில் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகப் பட்ஜெட் போடுகிறவர்கள். ஆனாலும் ஏதாவது ஓர் எதிர்பாராத செலவு குறுக்கே வந்து எல்லாவற்றையும் குலைத்துவிடுகிறது. சென்ற வருஷம் ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆவணியில் இரண்டு கல்யாணம், பிறகு தீபாவளி. இவற்றைச் சமாளிப்பது எப்படி?
— தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பது உங்கள் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணி பிறந்தால் பத்திரிகைகள் வரிசையாய் வரும் என்பது தெரியும். தீபாவளி எந்தத் தேதி என்பதோ, சமையலறைச் சுவரில் ஜனவரி முதல் தொங்கும் காலண்டரில் சிவப்பெழுத்தில் அச்சாகியிருக்கிறது. இவ்வளவு பகிரங்கமாக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருகிறவற்றை எதிர்பாராத செலவு என்று அழைக்கும் விசித்திரமான வழக்கம் நம் குடும்பங்களில் எப்படி வேரூன்றியதோ, அதை நான் அறியேன். சம்பளம் மாதாமாதம் வருவதனால் செலவும் மாதாமாதம்தான் வரும் என்று மனம் தானாக அனுமானித்துக்கொள்கிறது போலும்! பிறரை மட்டும் குறை சொல்லவில்லை. 1991 ஜூனில் என் மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு ஜோடி வளையலை அடகுக்கடையில் வைத்துவிட்டு, ஜூன் மாதம் என்னை மட்டும் வஞ்சித்துவிட்டதைப்போல் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள்தான் நான்.

அந்த வருஷம் முதல் நான் கைக்கொண்ட வழக்கத்தைச் சொல்கிறேன். தை பிறந்ததும் வீட்டில் எல்லோரும், பிள்ளைகள் உள்பட, தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டங்கள் போட வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்து வரி, ஜூனில் பள்ளி, வண்டிக் காப்பீடு முடியும் மாதம், குலதெய்வத்துக்குப் போய்வரும் மாதம், மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக் கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி ஜாடியில் அடைப்பதற்கும், அதையொட்டி மிளகாய் வாங்குவதற்கும் ஆகும் தொகை. மொய்க்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் மொய் நோட்டை எடுங்கள். உங்கள் கல்யாணத்திலும் குழந்தையின் காதுகுத்திலும் எழுதியவர்களின் வீட்டில் இப்போது கல்யாண வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் தாயாரைக் கேட்டால், அரைமணி நேரத்தில் ஜாபிதாவே கிடைத்துவிடும். மொய் என்பது நாம் முன்னமே வாங்கிச் செலவழித்துவிட்ட கடன். அது திரும்பக் கேட்கப்படும் நாளன்று ஆச்சரியப்படுவதில் நியாயமில்லை.

உத்தேசமாகப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கு 36,000, தீபாவளிக்கு 18,000, மொய்க்கு 15,000, புளி, மிளகாய் வகையறாவுக்கு 8,100, கோயில் பிரயாணத்துக்கு 6,000, வண்டிக்கு 4,500, சொத்து வரி 2,400. கூட்டினால் 90,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500. இந்த 7,500 உங்கள் பட்ஜெட்டில் எந்த வரியிலும் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்காமல், மளிகையில் நூறும் பாலில் ஐம்பதும் குறைத்துக்கொண்டு, அதைச் சிக்கனம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை ஜி.பே.யுடன் இணைக்காதீர்கள். 7,500 ஒதுக்க முடியவில்லையென்றால், தாளை மறுபடி விரித்துத் தீபாவளியைக் குறைப்பதா, பிரயாணத்தைத் தள்ளிப்போடுவதா என்று தை மாதத்திலேயே எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். தையில் குறைப்பது எளிது. ஐப்பசியில் ஜவுளிக்கடை வாசலில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குறைப்பது பிரம்மப் பிரயத்தனம்.

வியாதியும் வேலை போவதும்தான் உண்மையில் சொல்லாமல் வருகிறவை. அவற்றுக்கென்று ஒரு தொகை வேறாக இருக்க வேண்டும். அதில் கைவைத்துப் பட்டாசு வாங்கக்கூடாது.

கேள்வி: எவ்வளவு கொடுத்தாலும் என் மனைவி செலவழித்துவிடுகிறாள். ஆகவே உண்மையான சம்பளத்தைச் சொல்லாமல் மாதம் 8,000 ரூபாயைத் தனியாகப் போட்டு வருகிறேன். சரிதானே?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவர் தம் அலுவலகத்திலும், மனைவி அடுப்பங்கரையிலும், ஒருவருக்கொருவர் தெரியாமல் என்னிடமே கணக்கு வைத்திருந்தார்கள். "வீட்டில் சொல்லிவிடாதீர்கள்" என்று இருவரும் தனித்தனியே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்குத் துண்டு விழுந்தபோது, கணவரின் கணக்கும் மனைவியின் சிறுவாடும் பத்திரமாய் அஞ்சலகத்தில் இருக்க, இருவரும் ஜோடியாகச் சென்று நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி வந்தார்கள். சத்தியம் செய்த பாவத்துக்கு நான் வாய் திறக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

வரவு இன்னதென்று அறியாதவள் எந்த அளவுக்குள் செலவை அடக்குவாள்? சம்பளச் சீட்டை அவரிடம் கொடுத்து, ஒரு மாதக் கணக்கை அவரையே எழுதச் சொல்லுங்கள். அதற்கு மனம் வராவிட்டாலும், அந்த ரகசியக் கணக்கில் நாமினியாக அவர் பெயரையாவது எழுதி வையுங்கள்.

கேள்வி: என் அம்மா ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிடுகிறார். கேட்டால், "ஒன்றும் செய்யவில்லையே, செலவு மிச்சம்தானே" என்கிறார்.
— மகள், தஞ்சாவூர்

பதில்: அம்மா, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து, சட்டியில் இருந்தால் உண்டு இல்லாவிட்டால் மோரைக் குடித்துவிட்டு எழுந்து, தம் வயிற்றிலிருந்தே குடும்பத்துக்கு மிச்சம் பிடிக்கப் பழக்கப்பட்ட தலைமுறை அது. அந்த மிச்சத்தில்தான் நீங்களும் நானும் படித்தோம். ஆனால் இந்தச் சிக்கனத்தை இன்றே நிறுத்தியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். அங்கே பதிவு செய்து, "காசு போகவில்லை அம்மா" என்று சொல்லி ஒவ்வொரு நாளும் நீங்களே கையில் கொடுங்கள். விட்டுவிட்டுச் சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்துகிறார். மிகவும் நல்லவர். சேரலாமா?
— ஈரோடு வாசகி

பதில்: 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. உண்டியலில் 640 ரூபாய் சேர்த்திருக்கிறேன். அப்பா 500 ரூபாய் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா?
— மாணவி, விருதுநகர்

பதில்: கொடு கண்ணு. ஆனால் ஒரு நோட்டில் தேதி, தொகை, திருப்பித் தரும் நாள் மூன்றையும் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள். வட்டி கேட்காதே. பத்து வயது நிறைந்தவர்கள் தங்கள் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அதற்கும் 500 ரூபாய்தான் வேண்டும். ஆகையால் பணம் திரும்பி வந்ததும் அப்பாவையே கூட்டிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போ. சொன்ன நாளில் அவர் தராவிட்டால் எனக்கு மறுபடி எழுது. அடுத்த இதழில் அவருக்குப் பதில் சொல்கிறேன்.