‘வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று சொல்வதற்கு முன்

மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவன். கணக்குப் பாடம் தொடங்கிய ஐந்தாம் நிமிடம் நோட்டை வீசிக் கத்துகிறான். வகுப்பே நின்றுவிடுகிறது. பள்ளியிலிருந்து அம்மாவுக்குப் போன் போகிறது. நூறு நாள் வேலைக்குப் போனவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு ஓடி வருகிறார். பல பள்ளிகளில் நாம் பார்ப்பதுதான் இது.

நடத்தைப் பயிற்சியின் வழியில் பார்த்தால், அந்தப் போன் அழைப்பே அவனுக்கு ஒரு பாடம் நடத்திவிடுகிறது. கத்தினால் கணக்கு நிற்கும், அம்மா வருவார். நாளை இன்னும் சீக்கிரம் கத்துவான். ‘புரியவில்லை, கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று சொல்ல அவனிடம் வேறு வழி இல்லை.

1985இல் அமெரிக்காவில் எட்வர்டு கார், மார்க் டியூரண்ட் இருவரும் வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு குழந்தைகளிடம் இதை ஆராய்ந்தார்கள். பாடம் கடினமானால் தொல்லை செய்த குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவும், கவனம் கிடைக்காவிட்டால் தொல்லை செய்த குழந்தைக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசிச் செய்திதான்.

ஆகவே முதல் வேலை காரணத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு நோட்டில் முன்பு என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே நாம் என்ன செய்தோம் என்று எழுதி வாருங்கள். ‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் பயனில்லை, ‘11.20, நோட்டை வீசினான்’ என்று எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். மதிய உணவு நேரத்தில் மட்டும் என்றால் தட்டுச் சத்தம் தாங்காமல் இருக்கலாம். சற்றுத் தள்ளி உட்கார வைத்துப் பாருங்கள். திடீரென்று தொடங்கியது என்றால் பல்வலி, காதுவலி உண்டா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

பாடத்திலிருந்து தப்பிக்கத்தான் என்றால், சார்ட் அட்டையை வெட்டி, ஓய்வைக் குறிக்கும் படம் வரைந்து அவன் கையில் கொடுங்கள். முதல் நாட்களில் அட்டையை நீட்டியவுடன், ஒவ்வொரு முறையும், இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். ‘நாள் முழுக்க நீட்டுவானே, சார்!’ என்பார்கள். நீட்டுவான்தான், சில நாள். அட்டைக்குப் பலன் உண்டு என்று அவன் நம்பிய பிறகு ‘இந்த ஒரு கணக்கு, பிறகு ஓய்வு’ என்று சொல்லலாம். அப்புறம் இரண்டு கணக்கு.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது இவற்றை நிறுத்த இந்தப் பயிற்சியைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அதனால் யாருக்கும் தீங்கில்லை. அவனுக்கு அது ஆறுதலாகவும் இருக்கலாம்.

வீட்டிலும் இதே அட்டை வேண்டும். கத்தினால் கிடைத்த பலன் நின்றதும் சில நாள் கத்தல் கூடக்கூடும். இதை அம்மாவிடமும் பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதற்கும் முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘வளர்ப்பு சரியில்லை’ என்று ஊரும் உறவும் சொல்லக் கேட்டவர் அவர். ஒரு காலத்தில் மருத்துவ உலகிலேயே தாயின் அன்பின்மைதான் காரணம் என்று எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லேண்ட் 1964இல் நூல் எழுதி அதை மறுத்தார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, வளர்ப்பினால் வருவதில்லை. இதை ஆசிரியர் வாயால் கேட்ட பிறகு அந்த அம்மா நம்மிடம் பேசுகிற விதமே மாறும்.

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வரும்போது நோட்டைக் காட்டி, அடுத்த படியை அவருடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தலையைச் சுவரில் மோதுவது, தன்னையே கடித்துக்கொள்வது போன்றவை இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே அவரிடம் பேசி, மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.