ஆன்லைன் கோர்ஸில் சேரும் முன் விதிமுறையைப் படித்துவிட்டீர்களா?

வீட்டில் இருந்தபடியே ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் பாடம் கேட்கலாம், அதுவும் இலவசமாக என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இன்ஜினீயரிங் மாணவர்கள் மட்டுமல்ல, ஆர்ட்ஸ் காலேஜ் மாணவர்களும் இன்று என்.பி.டி.இ.எல். கோர்ஸ்களில் சேர்ந்து வருகிறார்கள். மாணவர்கள் இதை ‘என்பிடெல்’ என்றே சொல்வதால் நாமும் அப்படியே அழைப்போம். 7 ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் இது. ஆரம்பத்தில் வீடியோ பாடங்கள் மட்டும்தான் இருந்தன. 2014 முதல் அசைன்மென்ட், தேர்வு, சான்றிதழ் என்று முழுமையான கோர்ஸ்களாக நடக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் தொடங்கப்பட்ட பின், இந்தக் கோர்ஸ்கள் அதன் ஒரு பகுதியாகிவிட்டன.

முன்பெல்லாம் இதை ஆர்வத்துக்காகப் படித்தார்கள். இப்போது நிலைமை வேறு. யு.ஜி.சி. 2021-ல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு செமஸ்டரில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க ஒரு காலேஜ் அனுமதி தரலாம். அதாவது, இங்கே எடுக்கும் மதிப்பெண் உங்கள் டிகிரி கணக்கில் சேரும். தவறினால் ஒரு எலெக்டிவ் பேப்பர் பாக்கி நிற்கும். கடைசி செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ முடித்துவிட்டு வேலைக் கடிதத்தோடு காத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை.

இப்படித் தவறுகிறவர்களில் பலர் படிப்பில் மந்தமானவர்கள் அல்லர். கோர்ஸின் முதல் பக்கத்தில் இருக்கும் விதிமுறையைப் படிக்காதவர்கள். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது ‘ஐ அக்ரி’ பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்யும் பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு

முதல் குழப்பம் இங்கேதான். கோர்ஸில் சேர ஒரு இமெயில் முகவரி இருந்தால் போதும். ‘ஜாயின்’ பட்டனைக் கிளிக் செய்தால் வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் கிடைத்துவிடும். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இதனால் தேர்வுக்கு இடம் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. கோர்ஸ் நடந்துகொண்டிருக்கும்போதே தேர்வுக்கான படிவம் தனியாகத் திறக்கப்படும். அதைப் பூர்த்தி செய்து, போட்டோவை அப்லோட் செய்து, தேர்வு மையம் உள்ள ஊரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் செலுத்த வேண்டும். பல ஆண்டுகளாக ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் இந்தக் கட்டணம் இருந்து வருகிறது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை ஸ்கேன் செய்து கையில் வைத்திருங்கள்.

இதற்குக் கடைசித் தேதி உண்டு. அது போய்விட்டால் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் படித்தும் பயனில்லை. அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறைதான் கோர்ஸ்கள் தொடங்குகின்றன. உங்களுக்கு வேண்டிய பாடம் அடுத்த முறையும் நடத்தப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று. தேர்வு நடக்கும் நாள் கோர்ஸ் தொடங்கும்போதே அதன் பக்கத்தில் இருக்கும். உங்கள் செமஸ்டர் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை, மதியம் என இரண்டு வேளைகளில் தேர்வு நடக்கும். ஒரே வேளையில் இரண்டு பாடங்கள் வந்தால் ஒன்றைத்தான் எழுத முடியும்.

25 + 75 என்ற கணக்கு

மதிப்பெண் கணக்கை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான கோர்ஸ்களில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. வாரம் ஒரு அசைன்மென்ட் வரும். எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 12 வாரக் கோர்ஸில் அதிக மதிப்பெண் பெற்ற 8, 8 வாரக் கோர்ஸில் 6, 4 வாரக் கோர்ஸில் 3 அசைன்மென்ட்களின் சராசரியை எடுத்து, 25-க்கு மாற்றுவார்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டால் பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ‘நாலு வாரம் லீவு’ என்று இதை எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே அந்த நாலையும் தீர்த்துவிட்டு, செமஸ்டர் மாடல் தேர்வு வரும்போது விழிப்பார்கள்.

மொத்தம் 40 எடுத்தால் பாஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அசைன்மென்டில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும்.

ராமு, சோமு என இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ராமுவின் அசைன்மென்ட் சராசரி 90. அதாவது 25-க்கு 22.5. தேர்வில் 100-க்கு 38 எடுக்கிறான். 75-க்கு மாற்றினால் 28.5. கூட்டினால் 51 வருகிறது. ஆனாலும் அவனுக்குச் சான்றிதழ் கிடையாது. தேர்வில் 30-ஐத் தொடவில்லை. சோமுவின் அசைன்மென்ட் சராசரி வெறும் 60, அதாவது 25-க்கு 15. தேர்வில் 62 எடுக்கிறான், 75-க்கு 46.5. மொத்தம் 61.5. அவனுக்கு ‘எலைட்’ சான்றிதழே கிடைத்துவிடும். 60-க்கு மேல் எலைட், 75-க்கு மேல் எலைட்டோடு சில்வர், 90-க்கு மேல் எலைட்டோடு கோல்டு என்பது வரிசை.

சில புரோகிராமிங் பாடங்களில் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் தேர்வையும் சேர்ப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு மாறும். எனவே பக்கத்து பெஞ்ச் நண்பன் சொன்னதை நம்பாமல் உங்கள் கோர்ஸின் பக்கத்தையே பாருங்கள்.

ரெடிமேட் பதில்கள்

ராமுவுக்கு அசைன்மென்டில் 90 எப்படி வந்தது? யூடியூபில் தேடினால் தெரிந்துவிடும். கோர்ஸின் பெயரையும் வார எண்ணையும் கொடுத்தால் ‘வீக் 5 ஆன்ஸர்ஸ்’ என்று வரிசையாக வீடியோக்கள் வந்து நிற்கும். டெலிகிராம் குரூப்கள் தனி. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தத் தேடலும் தேவையில்லை. கேள்வியைக் காப்பி செய்து பேஸ்ட் செய்தால் போதும்.

இது விதிமுறைக்கு எதிரானது என்பதில் சந்தேகமே வேண்டாம். அசைன்மென்டை நீங்களே செய்ய வேண்டும், பதிலை மற்றவர்களுக்குத் தரக்கூடாது என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை. சரி, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். தேர்வு எங்கே நடக்கிறது? உங்கள் வீட்டில் அல்ல. தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில், மூன்று மணி நேரம். செல்போனுக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டு வாரமும் பதிலைப் பார்த்துப் பார்த்துக் கிளிக் செய்தவருக்கு அங்கேதான் பாடமே ஆரம்பிக்கிறது. 25-க்காகச் செய்த காரியம் 75-ஐக் கொண்டுபோய்விடும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு எடுப்பவர்களிடம் முதல் சுற்றுக் கேள்விகள் கேட்கும் பொறுப்பு அவ்வப்போது எனக்கு வரும். ரெசியூமில் ‘டேட்டாபேஸ், எலைட்’ என்று இருந்தால் சான்றிதழைக் கேட்க மாட்டேன். ஒரு தாளைக் கொடுத்து, ஒரு லைப்ரரிக்கு இரண்டு டேபிள் வரையச் சொல்வேன். படித்தவர் என்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். படிக்காதவர் என்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏ.ஐ.யைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வரி புரியவில்லை என்றால் ‘இதை எளிய உதாரணத்துடன் விளக்கு’ என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். அது சொன்னதை வீடியோவோடு சரிபாருங்கள், ஏனென்றால் தப்பான பதிலையும் அது அதே தைரியத்தோடு சொல்லும். அசைன்மென்ட் கேள்வியை அப்படியே கொடுத்து பதிலை வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வகுப்பில் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கலாம், அவரையே பரீட்சை எழுதித் தரச் சொல்ல முடியுமா?

ஆங்கில உச்சரிப்பு புரியாமல்தான் பலர் ரெடிமேட் பதிலுக்குப் போகிறார்கள். இதற்கு வேறு வழி இருக்கிறது. வீடியோவில் சப்டைட்டிலை ஆன் செய்து, வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பாருங்கள். பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்தும் என்பிடெல் தளத்தில் வைத்திருக்கிறார்கள். முதலில் தமிழில் படித்துவிட்டு, பிறகு வீடியோவைப் பார்த்தால் பாதி பாரம் இறங்கிவிடும். ஆனால் இன்ஜினீயரிங் பாடங்களுக்குத் தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் கேட்கும் முறை

ஒவ்வொரு கோர்ஸிலும் சந்தேகம் கேட்க ஒரு பகுதி உண்டு. பேராசிரியரின் உதவியாளர்கள் பதில் சொல்வார்கள். ‘சார், அசைன்மென்ட் புரியவில்லை, ஹெல்ப் பண்ணுங்க’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த வாரம், எந்த லெக்சர், எத்தனையாவது நிமிடம், நீங்கள் எதுவரை புரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள். கெடு முடியும் முன் விடையை அங்கே எழுதிவிடாதீர்கள். உதவும் எண்ணத்தில் செய்தாலும் அதுவும் விதி மீறல்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சில ஏற்பாடுகள்

சேருவதற்கு எந்த இமெயிலைப் பயன்படுத்துகிறீர்களோ, தேர்வுப் பதிவுக்கும் அதையே கொடுங்கள். ஒன்றில் அசைன்மென்ட், இன்னொன்றில் தேர்வு என்று இருந்தால் மதிப்பெண்கள் ஒன்று சேராது. காலேஜ் முடிந்ததும் மூடிவிடும் இமெயிலைவிட உங்கள் சொந்த ஜிமெயில் நல்லது. ஆனால் சில காலேஜ்கள் தங்கள் முகவரியில்தான் சேர வேண்டும் என்று கேட்கும். முதலில் உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கோர்ஸிலிருந்து வரும் இமெயில்கள் விளம்பரக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் உருவாக்கி, அவற்றைத் தனி லேபிளில் விழும்படி செய்யுங்கள். தேர்வுப் பதிவு திறந்ததும் ஹால் டிக்கெட் வந்ததும் உங்களுக்கு இமெயில் மூலம்தான் தெரியும்.

அசைன்மென்ட் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. கூகுள் காலண்டரில் செவ்வாய் மாலைக்கு ஒரு நினைவூட்டல் போடுங்கள், வாரா வாரம் திரும்ப வரும்படி. ஏன் செவ்வாய்? கரன்ட் போகலாம், மொபைல் டேட்டா தீர்ந்துபோகலாம், கடைசி நிமிடத்தில் எல்லோரும் நுழைவதால் தளமும் மெதுவாகலாம். இதில் ஒரு வசதி இருக்கிறது. கெடு முடியும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் சப்மிட் செய்யலாம், கடைசியாக அனுப்பியதுதான் எடுத்துக்கொள்ளப்படும். எனவே தெரிந்த கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமையே பதில் தந்து ஒரு முறை சப்மிட் செய்துவிடுங்கள். பாக்கியை யோசித்துத் திருத்திக்கொள்ளலாம். சப்மிட் ஆனதைத் திரையில் பார்த்ததும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கோர்ஸ் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். தேர்வுப் படிவத்தில் நீங்கள் டைப் செய்வதுதான் சான்றிதழில் அச்சாகும். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை தெரிந்ததே. மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, படிவத்தில் அப்பா பெயரோடு முழு நீளம் என்று மூன்று விதமாக இருந்தால் காலேஜில் கிரெடிட் மாற்றும்போது அலைச்சல். காலேஜ் பதிவில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் டைப் செய்யுங்கள். பணம் கட்டும் முன் வீட்டில் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேர்வு நாளில் ஹால் டிக்கெட் பிரின்ட் அவுட்டும் ஒரிஜினல் அடையாள அட்டையும் கட்டாயம். செல்போனில் இருக்கும் போட்டோவைக் காட்டி உள்ளே போகலாம் என்று எண்ண வேண்டாம். மையம் வேறு ஊரில் இருந்தால் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வையுங்கள்.

ரிசல்ட் வந்த பின் சான்றிதழ் தபாலில் வராது. தளத்தில் லாகின் செய்து பி.டி.எஃப். ஆக டவுன்லோட் செய்ய வேண்டும். அதிலுள்ள கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம். டவுன்லோட் செய்ததும் முதல் வேலையாக உங்கள் போனிலேயே அதை ஸ்கேன் செய்து, பெயரும் மதிப்பெண்ணும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு நகலைப் பென் டிரைவிலும் ஒன்றை கூகுள் டிரைவிலும் போட்டுவிட்டு, காலேஜ் ஒருங்கிணைப்பாளருக்கு அன்றே இமெயில் அனுப்பிவிடுங்கள். கிரெடிட் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க உங்கள் காலேஜுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும்.